பாகம் 2 என்று போட்டால் போதுமா? அம்மா கேட்கிறார்

ஹம்டன்லேன் | ஞாயிறு, இரவு 9.12

வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டில் இரவு 7 மணியிலிருந்து 9.30 வரை ரிமோட் அம்மாவின் கையில்தான். அம்மாவுக்கு வயது 74. கண் கொஞ்சம் மங்கல். ஆனால் எந்த ரீவி நாடகத்தில் யார் யாருக்கு மாமியாராக வந்தார் என்று கேட்டால் பேரப்பிள்ளைகளின் பிறந்தநாளைச் சொல்வதுபோல டக்கென்று சொல்வார்.

முதல் ‘சித்தி’ 1999 டிசம்பரில் தொடங்கி 2001 நவம்பர்வரை ஓடியது. அப்போது நாங்கள் கொட்டாஞ்சேனையில் ஓர் அனெக்ஸில் இருந்தோம். டைட்டில் பாட்டுக் கேட்டால் மேல்வீட்டு அன்ரி சுளகோடு இறங்கி வருவார். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே பார்ப்பார். அழுகிற கட்டம் வந்தால் பொறுக்கிய கல்லையும் திரும்ப அரிசிக்குள்ளேயே போட்டுவிடுவார். அடுத்த நாள் அவர்கள் வீட்டில் சோறு சாப்பிடப் பயம்.

அதனால் 2020 ஜனவரியில் ‘சித்தி 2’ வருகிறது என்றதும் அம்மாவுக்கு இருந்த சந்தோசத்தை நீங்களே நினைத்துப் பாருங்கள். மூன்றாம் நாள் சொன்னார்: “இது அதில்லைப் பிள்ளை. பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருக்கினம்.” ராதிகா இருந்தார், ஆனால் கதை வேறு, குடும்பம் வேறு. 2021 தொடக்கத்தில் ராதிகாவும் விலகிவிட்டார், நாடகம் மட்டும் ஓடியது. சித்தி இல்லாத ‘சித்தி’. அந்த வாரம் அம்மா ரிமோட்டை என் கையில் தந்துவிட்டுப் படுக்கப் போனார். என் வாழ்க்கையில் அப்படி நடந்தது அந்த ஒரு தடவைதான்.

இப்போது ‘எதிர்நீச்சல் தொடர்கிறது’. கதை தொடர்கிறது, அதில் பொய் இல்லை. ஆனால் கதாநாயகி ஜனனியாக நடிப்பவர் வேறு ஆள். குணசேகரனாக நடிப்பவர் முதல் பாகத்திலேயே மாறிவிட்டார், 2023 செப்டம்பரில் அந்தப் பாத்திரத்தில் நடித்த மாரிமுத்து இறந்த பிறகு. நேற்று விளம்பர இடைவேளையில் அம்மா என்னைக் கேட்டது இது:

“ஆள் இருந்தால் கதை மாறுது, கதை இருந்தால் ஆள் மாறுது. ரெண்டும் அப்பிடியே இருக்கிற ஒண்டு எங்கையாவது வந்திருக்கே?”

எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களில் யாருக்காவது தெரியுமா?

தெகிவளை_பூனை | ஞாயிறு, இரவு 9.31

காலி வீதியில் ஒரு கொத்துரொட்டிக் கடை இருந்தது. முதலாளி கடையை விற்றுவிட்டுக் கனடாவுக்குப் போய்விட்டார். வாங்கியவர் போர்டைக் கழற்றவில்லை, பழைய பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ‘நியூ’ என்று எழுதிவிட்டார். பாகம் 2 என்றால் எனக்கு அந்த ‘நியூ’தான் ஞாபகம் வரும்.

கொட்டாஞ்சேனையான் | ஞாயிறு, இரவு 9.40

பூனை, உதாரணம் பிழை. ‘சித்தி 2’ இல் கொத்துப் போட்டவர் அதே ஆள், சாப்பாடுதான் வேறு. ‘எதிர்நீச்சல்’ இல் சாப்பாடு அதே, கொத்துப் போடுகிறவர் வேறு. அக்காவின் அம்மா கேட்பதே அதைத்தானே.

சந்தனமுல்லை | ஞாயிறு, இரவு 10.05

எல்லோரும் சண் ரீவியையே பிடித்துத் தொங்குகிறீர்கள். விஜய் ரீவி இந்த வேலையை வேறு விதமாகச் செய்தது. ‘மதுரை’ என்ற தொடரில் வந்த சரவணன், மீனாட்சி ஜோடி சனங்களுக்குப் பிடித்துப்போனதால் அந்த இருவரையும் தனியே எடுத்து 2011இல் ‘சரவணன் மீனாட்சி’ தொடங்கினார்கள். நடித்தவர்கள் செந்தில், ஸ்ரீஜா. பிறகு நிஜத்திலும் கலியாணம் கட்டினார்கள். கிளைத்தொடர் என்று சொன்னால் அதுதான் கிளைத்தொடர், கிளை மரத்தைவிடப் பெரிதாக வளர்ந்தது. அதற்குப் பிறகு வந்த சீசன்களில் ரச்சிதா மீனாட்சியானார், சரவணன் மாறிக்கொண்டே போனார். அப்போது நான் ஏ.எல். படித்துக்கொண்டிருந்தேன், படிப்பு நாசமாய்ப் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ பாருங்கள். 2023 அக்டோபர் 28 சனிக்கிழமை முடிந்தது. இரண்டாம் பாகம் 30ஆம் தேதி திங்கள் தொடங்கியது. நடுவில் ஒரே ஒரு ஞாயிறு. முதலாவதில் மூத்த அண்ணனாக வந்த ஸ்டாலின் இரண்டாவதில் வளர்ந்த பிள்ளைகளின் அப்பா. கதை வேறு என்று முதல் நாளே தெரிந்துவிட்டது, யாரும் ஏமாறவில்லை. என் மாமி இரண்டையும் பார்த்தார், இரண்டையும் ஒரே கதை என்றே இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார். “தம்பிமார் எங்கே?” என்று கேட்டால் “வெளிநாடு போயிருப்பாங்கள்” என்கிறார். எங்கள் குடும்பங்களில் அது நடக்கிற விசயம்தானே.

7ஆம்_மாடி | ஞாயிறு, இரவு 11.20

நான் தமிழ் நாடகம் பார்ப்பதில்லை, அடிக்க வரவேண்டாம். ஆனால் இந்தக் கேள்விக்கு அமெரிக்காக்காரன் நாற்பது ஐம்பது வருடமாகக் காசு கொட்டிப் பதில் தேடிக்கொண்டிருக்கிறான்.

‘கொலம்போ’ தெரியுமா? பீட்டர் ஃபோக் நடித்த துப்பறியும் தொடர். எங்கள் ஒழுங்கை வீடியோக் கடைக்காரர் கசெற்றில் தமிழில் ‘கொழும்பு 4’ என்று எழுதி வைத்திருந்தார். அப்பா பம்பலப்பிட்டியைப் பற்றிய ஏதோ விவரணப்படம் என்று நினைத்து எடுத்து வந்தார். அப்படித்தான் எங்கள் வீட்டுக்கு அந்த மனிதர் வந்து சேர்ந்தார்.

கசங்கிய மழைக்கோட்டு, போகிறவர் வாசலில் நின்று திரும்பி “இன்னும் ஒரே ஒரு விசயம்” என்பார். அப்புறம் எந்நேரமும் மனைவியைப் பற்றிப் பேச்சு. என் மனைவிக்கு இந்தப் பாட்டுப் பிடிக்கும், என் மனைவி அந்தப் படம் பார்த்தாள். தொடர் முழுக்க அந்த மனைவியை நாம் ஒரு தடவையும் காண்பதில்லை. உண்மையில் மனைவி இருக்கிறாளா, குற்றவாளியை அசர வைக்கப் போடும் கதையா என்றுகூடச் சந்தேகம் வரும். நகைச்சுவையே அதில்தான்.

1979இல் அந்த மனைவியை வைத்தே அமெரிக்க சேனலான என்.பி.சி. தனித் தொடர் எடுத்தது. கேட் முல்குரூ நடித்தார், அப்போது அவருக்கு 23 வயது. சனங்கள் சிரித்தார்கள், நல்ல விதமாக இல்லை. உடனே பெயரை மாற்றினார்கள், திரும்பவும் மாற்றினார்கள், கடைசியில் விவாகரத்து வாங்கிக்கொடுத்து அவள் வேறு யாரோ என்பதுபோல ஆக்கினார்கள். மொத்தம் 13 எபிசோட். காணாமல் இருப்பதாலேயே உயிரோடிருந்த பாத்திரத்தைக் கண்முன்னே கொண்டுவந்து நிறுத்தினால் என்ன மிஞ்சும்?

இதற்கு நேரெதிர் ‘ஃப்ரேசியர்’. ‘சியர்ஸ்’ என்று பொஸ்டனில் ஒரு மதுச்சாலையை வைத்து 1982 முதல் 1993 வரை ஓடிய தொடர். அதில் 1984இல் ஒரு மனநல வைத்தியர் சின்னப் பாத்திரமாக நுழைந்தார். தொடர் முடிந்ததும் அவரைத் தூக்கி நாட்டின் மறுகோடியில் சியாட்டிலில் போட்டார்கள். புது வேலை, புது வீடு, ஒரு அப்பா, ஒரு தம்பி. பழைய தொடரில் ‘என் அப்பா இறந்துவிட்டார்’ என்று சொல்லியிருந்தார். புதிதில் அப்பா உயிரோடு சோபாவில் இருக்கிறார்! பழைய கூட்டாளி ஒருவர் வந்து அதைக் கேட்கும்போது, ‘அன்றைக்கு அப்பாவோடு கோபம்’ என்று சமாளிப்பார். ஓட்டையை மறைக்காமல் அதையே பகிடியாக்கிய துணிவு எனக்குப் பிடிக்கும். 11 சீசன், 264 எபிசோட். கெல்சி கிராமர் ஒரே பாத்திரத்தை 20 வருடம் இழுத்தார்.

ஆனால் 2023இல் அதே ஃப்ரேசியரைத் திரும்பப் பொஸ்டனுக்குக் கொண்டுவந்தார்கள். அப்பாவாக நடித்த ஜோன் மஹோனி 2018இல் இறந்துவிட்டார். தம்பியாக நடித்தவர் வரமாட்டேன் என்றார். இரண்டு சீசனோடு மூடிவிட்டார்கள்.

சந்தனமுல்லை | ஞாயிறு, இரவு 11.34

‘ஃப்ரெண்ட்ஸ்’ ஐ விட்டுவிட்டீர்களே?

7ஆம்_மாடி | ஞாயிறு, இரவு 11.52

வேண்டுமென்றேதான் விட்டேன், அது எனக்கு மனக்கஷ்டம். ஆறு நண்பர்களின் கதையில் ஒருவனான ஜோயியைத் தனியே பிரித்து 2004இல் ஒரு தொடர் தொடங்கினார்கள், இரண்டு சீசனில் சுருண்டது. ஆறு பேர் சோபாவில் இருக்கும்போது அவன் சொல்லும் முட்டாள்தனத்துக்கு மற்ற ஐந்து முகத்தையும் பார்த்துத்தான் நாங்கள் சிரித்தோம். தனியே விட்டதும் அவன் வெறும் முட்டாள்.

2021 மே மாதம் வந்த ‘ஃப்ரெண்ட்ஸ்’ நடிகர்களின் ஒன்றுகூடலைப் பலர் திட்டினார்கள். எனக்கு அது நேர்மையாகப் பட்டது. கதை எதுவும் இல்லை. பழைய செற்றைத் திரும்பக் கட்டி, ஆறு பேரும் வயதான முகத்தோடு வந்து தடவிப் பார்த்தார்கள். நாங்கள் நடிகர்கள், இது முடிந்துபோனது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இரண்டரை வருடத்தில் அவர்களில் ஒருவரான மத்யூ பெரியும் இல்லை. அந்த ஆறு பேரையும் ஒன்றாக வைத்து இனி எதையும் எடுக்க முடியாது.

தமிழ்ச்சேர் | திங்கள், காலை 6.15

பிள்ளைகளே, இரவிரவாக இருந்து அமெரிக்கா, சென்னை என்று சுற்றியிருக்கிறீர்கள். இந்த வியாபாரம் எங்கள் வீட்டில்தான் முதலில் நடந்தது.

கோவலனுக்கும் மாதவிக்கும் பிறந்த மகளைச் சிலப்பதிகாரத்தில் இளங்கோ அதிகம் பேசவிடவில்லை. சாத்தனார் அந்தப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு தனிக் காப்பியமே செய்தார். இடம் மாறுகிறது, சமயம் மாறுகிறது, மணிபல்லவம்வரை போகிறாள். அது எங்கள் நயினாதீவுதான் என்று தீவகத்தார் சத்தியம் செய்வார்கள். போதாததற்கு வஞ்சி நகரில் கண்ணகி கோட்டத்துக்கு மணிமேகலை போகும்போது கண்ணகியே வந்து பேசுவாள். உங்கள் பாசையில் சிறப்புத் தோற்றம். 7ஆம்_மாடி சொன்ன ஃப்ரேசியர் கணக்குக்கும் இதற்கும் வித்தியாசம் ஒன்றும் இல்லை, சின்னப் பாத்திரத்தை எடுத்துப் புது ஊரில் விட்டார்கள்.

இனி இந்தப் பிள்ளையின் அம்மா கேட்டதற்கு வருகிறேன். ஆளும் மாறாமல் கதையும் மாறாமல் வந்த ஒன்று இருக்கிறது. ராமானந்த் சாகரின் ராமாயணம். 1987 ஜனவரி 25இல் தொடங்கி 1988 ஜூலை 31இல் பட்டாபிஷேகத்தோடு முடிந்தது. கம்பரும் அங்கேதான் நிறுத்தினார். தமிழில் உத்தரகாண்டத்தைப் பாடியவர் ஒட்டக்கூத்தர் என்பார்கள், அதுவும் வேறு கை எழுதிய பாகம் 2. சாகரும் நிறுத்தத்தான் இருந்தார். ஆனால் வட இந்திய நகரங்களில் துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். வால்மீகியைத் தங்கள் முன்னோராகக் கொள்ளும் சமூகம் அவர்கள். சீதை வால்மீகியின் ஆசிரமத்தில் இருந்து பிள்ளை வளர்க்கும் பகுதி உத்தரகாண்டத்தில்தான் வருகிறது. எங்கள் ஆள் வரும் இடத்துக்கு முன்னால் கதையை எப்படி முடிப்பாய் என்று கேட்டார்கள். தெருவில் குப்பை குவிந்தது. சாகர் எடுத்தார். ராமராக அதே அருண் கோவில், சீதையாக அதே தீபிகா.

சனங்கள் வேலைநிறுத்தம் செய்து வாங்கிய தொடர்ச்சி எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். யாழ்ப்பாணத்தில் நாங்கள் இந்தியாப் பக்கம் அன்ரனாவைத் திருப்பி வைத்துவிட்டு, ஒருவன் கூரையில் நின்று “இப்ப தெரியுதா? இப்ப?” என்று கத்திக் கத்திப் பார்த்த நாட்கள் அவை. லவகுசனின் முகத்தைவிட அந்தப் புள்ளிமழைதான் ஞாபகத்தில் நிற்கிறது.

தெகிவளை_பூனை | திங்கள், காலை 8.02

சேர், கண்ணகி வந்தது, இரண்டு நாடகப் பாத்திரங்களை ஒன்றாகச் சந்திக்க வைக்கும் ‘மெகா சங்கமம்’ கணக்கில் வரும். விஜய் ரீவிக்காரன் கண்டுபிடித்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஹம்டன்லேன் | திங்கள், பகல் 1.10

வேலையில் இருந்து எழுதுகிறேன். சேர், காலையில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். “சீதையைத் திரும்பவும் காட்டுக்கு அனுப்பினதைப் பார்க்கவோ ஸ்ட்ரைக் பண்ணினவை?” என்றார். அதற்கு மேல் பேச்சில்லை.

சந்தனமுல்லை | திங்கள், பகல் 1.25

அக்கா, ஹிந்தி என்றால் இன்னொன்றும் உண்டு. மாமியார், மருமகள் துளசி என்று 2000 முதல் 2008 வரை 1,833 எபிசோட் ஓடியதே ஒரு ஹிந்தித் தொடர், அதை 2025 ஜூலையில் அதே ஸ்மிரிதி இரானியை வைத்தே திரும்பத் தொடங்கினார்கள். நடுவில் அவர் மத்திய அமைச்சராக இருந்துவிட்டு வந்தார். ஆள் அதே, கதை அதே.

தெகிவளை_பூனை | திங்கள், பகல் 1.31

அமைச்சு போனாலும் மாமியார் பதவி போகாது.

மட்டுறுத்துநர் | திங்கள், பகல் 1.50

பூனை, அரசியல் பக்கம் போகாமல் இருந்தால் நல்லது. அப்புறம் ‘நாடகம்’ என்பதா ‘சீரியல்’ என்பதா என்று தனிமடலில் எனக்கு முறைப்பாடு அனுப்பிய இருவருக்கும்: இரண்டும் சரி.

கொட்டாஞ்சேனையான் | திங்கள், பின்னேரம் 5.45

சேர் சொன்ன புள்ளிமழையில் எனக்கு ‘ஓஷின்’ ஞாபகம் வந்துவிட்டது. ரூபவாஹினி 1982 பெப்ரவரியில் ஜப்பான்காரர் உதவியோடு தொடங்கியது. அதில் பிறகு வந்த அந்த ஜப்பான் தொடர் கொழும்பையே வீட்டுக்குள் இருத்தியது. எங்கள் அம்மாவுக்குச் சிங்களம் மரக்கறி வாங்கும் அளவுக்குத்தான் தெரியும். பக்கத்து வீட்டுப் பெரேரா அம்மா சிங்களத்தில் ஒரு வரி கேட்டு, அரைத் தமிழில் எங்கள் அம்மாவுக்குச் சொல்வார். அவர் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த காட்சி போய்விடும். ஆனாலும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில்தான் அழுவார்கள்.

297 எபிசோட், ஒவ்வொன்றும் கால் மணித்தியாலம். அந்தக் கதை தொடங்குவதே 80 வயது தாண்டிய ஓஷினோடுதான். புதுக்கடை திறக்கிற நாளில் கிழவி வீட்டில் இல்லை, ஊரைவிட்டுப் போய்விட்டாள். அங்கிருந்து சின்ன வயதுக்குப் போகும். சிறுமிக்கு ஒருத்தி, வளர்ந்தவளுக்கு ஒருத்தி, கிழவிக்கு ஒருத்தி என்று மூன்று நடிகைகள். ஆள் மாறினார், யாராவது முறைப்பட்டோமா? பிள்ளை வளர்ந்தாள் என்று ஏற்றுக்கொண்டோம். முழு ஆயுளையும் ஒரு தடவையில் சொல்லி முடித்தபடியால் பாகம் 2 க்கு இடமே வைக்கவில்லை.

அக்கா, ஒருவர் இறந்துபோனதால் வேறு ஆள் வந்தால் உங்கள் அம்மா மன்னிப்பார், கவனித்துப் பாருங்கள். சம்பளப் பிரச்சினையில் மாறினால் மன்னிக்கமாட்டார். எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்களோ தெரியாது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நான் கொஞ்ச வருடம் இங்கே ஒரு தொலைக்காட்சி நிலையத்தில் எடிட்டிங்கில் இருந்தேன். பெயர் வேண்டாம். பாகம் 2 ஏன் வருகிறது என்று கேட்டால் விளம்பரக்காரருக்காக. புதுப் பெயர் ஒன்றைச் சனங்கள் வாயில் ஏற்ற மாதக்கணக்காக விளம்பரம் போடவேண்டும். பழைய பெயர் என்றால் போர்ட் ஏற்கெனவே ஏறியிருக்கிறது. இரவு 7.30க்கு ஒரு நாடகம் முடிந்து அடுத்தது பிடிபடாமல் போனால், சனம் அடுத்த சேனலுக்குப் போய் அங்கேயே குடியிருந்துவிடும். ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ இல் ஒரு ஞாயிறுக்கு மேல் இடைவெளி விடாததன் காரணம் அதுதான்.

அதைவிட எனக்கு வேறொரு கவலை. நான் இருந்த இடத்தில் நாங்களே எடுத்த தமிழ் நாடகங்களின் டேப் இருந்தது. டேப் விலை. புது நிகழ்ச்சி பதியவேண்டும் என்றால் பழையதை அழித்து அதன்மேலேயே பதிவோம். லேபிளை உரித்தால் அடியில் இன்னொரு லேபிள், அதற்கடியில் இன்னொன்று. பழைய நாடகத்தின் பெயர் பாதி எழுத்தில் தெரியும். நானே எத்தனையோ தடவை உரித்திருக்கிறேன். ‘ஃப்ரெண்ட்ஸ்’ காரர் ஒன்றுகூடல் வைத்தால் பழைய காட்சியைப் போட்டுக் காட்டலாம். இங்கே நடித்தவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தால் எதைப் போடுவது?

பழைய_ரேடியோ | திங்கள், இரவு 8.20

ரீவிக்காரர் அழித்தார்கள் சரி, வானொலிக்காரர் மட்டும் என்ன செய்தார்கள். இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன், ஒருவரும் ‘கோமாளிகள்’ பெயரைச் சொல்லவில்லை. எங்களுக்கு ரீவி வருவதற்கு முன்பே ஸ்பின்-ஓஃப், அதாவது கிளைக்கதை, வந்துவிட்டது.

இலங்கை வானொலி வர்த்தக சேவையில் ‘கோமாளிகளின் கும்மாளம்’ போகும். எஸ். ராம்தாஸ் எழுதி நடித்தது. அவர் மரைக்கார், முஸ்லிம் தமிழ். ராஜகோபால் அப்புக்குட்டி, யாழ்ப்பாணத் தமிழ். செல்வசேகரன் உபாலி, சிங்களவர் பேசும் தமிழ். அப்துல் ஹமீத் ஐயராக வருவார். நாலு பேர் நாலு தமிழ், புறக்கோட்டைச் சந்தியில் ஒரு பத்து நிமிடம் நின்றால் காதில் விழுவது அத்தனையும் அந்த ரேடியோப் பெட்டிக்குள். மரைக்கார் “உம்மாவானே” என்று தொடங்கும்போதே தேத்தண்ணிக் கடையில் எல்லோரும் கிளாஸைக் கீழே வைத்துவிடுவார்கள்.

முகம் தெரியாத குரல்களுக்கு முகம் கொடுத்து 1976இல் ‘கோமாளிகள்’ படமாக வந்தது. இலங்கைத் தமிழ்ப் படங்களில் ஓடிய படம் என்று சொல்லக்கூடிய சிலவற்றில் அதுவும் ஒன்று. சனங்கள் கதைக்காகப் போகவில்லை, மரைக்கார் எப்படி இருப்பார் என்று பார்க்கப் போனார்கள். நான் போனதும் அதற்குத்தான். பிறகு 1978இல் அதே கூட்டம் ‘ஏமாளிகள்’ எடுத்தது.

இனித்தான் விசயம். நிகழ்ச்சி நின்று எத்தனையோ வருடத்துக்குப் பிறகும் அந்த மனிதர்களை ஊர் என்ன பெயரில் கூப்பிட்டது? மரைக்கார் ராம்தாஸ். உபாலி செல்வசேகரன். அப்புக்குட்டி ராஜகோபால். வேறு எந்த மேடையில் ஏறினாலும் அந்தப் பெயர் முன்னால் வந்து நின்றது. பாகம் 2 அந்த மனிதர்களின் பெயரிலேயே ஓடிக்கொண்டிருந்தது, அதற்குத் தனி நிகழ்ச்சி தேவைப்படவில்லை.

சந்தனமுல்லை | திங்கள், இரவு 8.41

ஐயா, இது இப்போதும் நடக்கிறது! ‘மெட்டி ஒலி’யில் போஸ் என்று வந்தவர்தான் போஸ் வெங்கட். டைட்டில் பாட்டுக்கு ஆடியவர் இன்றைக்கும் மெட்டி ஒலி சாந்தி, 2022இல் பிக்பாஸுக்குள் போனதும் அந்தப் பெயரோடுதான்.

ஹம்டன்லேன் | திங்கள், இரவு 10.15

‘மெட்டி ஒலி’ பெயரைச் சொன்னதால் இன்றைக்கு எங்கள் வீட்டில் ஒரு மணித்தியாலம் அதே கதை. 2002 முதல் 2005 வரை ஓடியது. 2020 லொக்டவுனில் மறுஒளிபரப்பு வந்தபோது அம்மா முதல் நாளிலிருந்து பார்த்தார். 2022இல் இங்கே 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டிய நாட்களில் என் போனில் சார்ஜ் மிச்சம் இருந்தால் அதில் யூடியூப் போடச் சொல்வார், டேட்டா என் கணக்கில். சிதம்பரத்துக்கு ஐந்து பெண் பிள்ளைகள், அம்மாவும் ஐந்து பெண் பிள்ளைகளில் ஒருவர். எதற்கு அழுகிறார் என்று நாங்கள் கேட்பதில்லை.

அதற்கு ஒரு பாகம் 2 வந்தால் பார்ப்பீர்களா என்று கேட்டேன். “விஜி இல்லையே” என்றார். விஜியாக நடித்த உமா மகேஸ்வரி 2021 அக்டோபரில் இறந்துவிட்டார், அம்மா அதை மறக்கவில்லை. “நாலு பேரை வைச்சு எடுக்கட்டும். அஞ்சாவது ஆளின்ர கதிரையை வெறுமையா விட்டால் பார்ப்பன். வேற ஆளை இருத்தினால் பார்க்கமாட்டன்.”

கொட்டாஞ்சேனையான் சொன்னதோடு இது ஒத்துவரவில்லை. இறந்தவருக்குப் பதிலாக வந்தவரையும் அம்மா மன்னிப்பதாக இல்லை.

பழைய_ரேடியோ ஐயா, ‘கோமாளிகள்’ என்றதும் அம்மா மரைக்கார் குரலில் பேசிக் காட்டினார். நான் அவருக்கு மகளாகப் பிறந்து 46 வருடம், ஒரு நாளும் கேட்டதில்லை. அந்த ஒலிப்பதிவு எங்காவது கிடைக்குமா?

7ஆம்_மாடி | திங்கள், இரவு 10.30

கதிரையை வெறுமையாக விடுவது. ஹொலிவூட்டில் யாராவது அம்மாவை வேலைக்கு எடுக்கவேண்டும்.

பழைய_ரேடியோ | செவ்வாய், காலை 7.05

என்னிடம் ஒரு 90 நிமிடக் கசெற் இருக்கிறது. ரேடியோவுக்கு முன்னால் டேப்பை வைத்துப் பதிந்தது, அதனால் நடுவில் என் மனைவி ரசம் தாளிக்கும் சத்தமும் வரும். அழியாமல் இருக்க மேலே இருக்கும் பிளாஸ்டிக் பல்லை உடைத்து வைத்திருந்தேன். டெக்கில் பெல்ட் போய்விட்டது. சனிக்கிழமை கொட்டாஞ்சேனைப் பக்கம் வந்தால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். வீடு கீழ்த்தட்டுத்தான், படி ஏறத் தேவையில்லை.

கொட்டாஞ்சேனையான் | செவ்வாய், காலை 7.40

பெல்ட் நான் பார்த்துக்கொள்கிறேன் அண்ணை. பழைய பெல்ட்டைத் தூக்கி எறியாமல் வையுங்கள், அளவு வேண்டும். கசெற்றை முதலில் ஃபாஸ்ட் ஃபோர்வர்ட் போடாதீர்கள், அறுந்துவிடும். பேனாவைச் செருகிக் கையால் ஒரு தடவை முழுக்கச் சுற்றித் தளர்த்துங்கள்.

ஹம்டன்லேன் | சனி, இரவு 8.50

போய்வந்தோம். கொட்டாஞ்சேனையான் கொண்டுவந்த பெல்ட் கொஞ்சம் இறுக்கம், எல்லோருடைய குரலும் அரைச் சுரம் ஏறி, மரைக்கார் சின்னப் பையன் மாதிரிப் பேசினார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அப்புக்குட்டி வந்ததும் “இது ராஜகோபால்” என்றார். உபாலி வாய் திறப்பதற்கு முன்னாலேயே சிரித்துவிட்டார். ரசம் தாளிக்கும் சத்தமும் வந்தது. ஐயாவின் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து “அது புளிக்குழம்பு” என்று திருத்தினார்.

பதினொரு நிமிடம். அப்புறம் டக்கென்று ஒரு சத்தம், பிறகு சிங்களத்தில் கிரிக்கெட் வர்ணனை. 1996 மார்ச் 17, லாகூர், உலகக் கிண்ண இறுதி ஆட்டம். உடைத்த பிளாஸ்டிக் பல்லின் மேல் ஐயாவின் மகன் செலோடேப் ஒட்டிப் பதிந்திருக்கிறார். ஐயாவுக்கு இன்றைக்குத்தான் தெரியும். மகன் மெல்பேர்னில் இருக்கிறார், அங்கே நள்ளிரவு தாண்டிவிட்டது என்று பார்க்காமல் போன் எடுத்துப் பேச்சுக் கொடுத்தார்.

நிறுத்தவா என்று கேட்டேன். அம்மா வேண்டாம் என்றார். அரவிந்த சதம் அடிக்கும்வரை இருந்து கேட்டோம், தேத்தண்ணி இரண்டு தடவை வந்தது.

பி பக்கம் இன்னும் போட்டுப் பார்க்கவில்லை, ரிப்பன் ஓர் இடத்தில் மடிந்திருக்கிறது. மடிப்பை எடுக்கத் தெரிந்தவர்கள் இங்கே யாராவது இருந்தால் தனிமடல் போடுங்கள். வரும் சனிக்கிழமையும் வருவோம் என்று அம்மா அங்கேயே சொல்லிவிட்டார்.